இசைத்தட்டும் ஓர் ஏடே

ஏட்டுச் சுவடி ஒன்று செல்லரித்துப் போயிற்று என்று கேட்டால் நம் ஆசிரியப் பெருமக்கள் துடித்துப் போவர். உ. வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊரூராய் அலைந்த வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைக்கையில் அவர்களுட் சிலரின் குரல் தழுதழுப்பதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அதே ஆசிரியர் வீட்டுப் பரணில் ஐம்பது ஆண்டாகக் கிடந்த கிராமபோன் தட்டுகளைப் பழைய சாமான் வாங்குகிறவர் நிறுத்து எடுத்துச் சென்றால், வீட்டில் ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. ஏடு இலக்கியம், தட்டு பொழுதுபோக்கு. இப்படியொரு பாகுபாட்டை நாம் எப்படியோ மனத்திற் கொண்டுவிட்டோம். அது பொருந்தாது என்பதே என் கட்சி. நாகூர் ஈ. எம். ஹனிபா ஐம்பதுகளிலும் அறுபதுகளின் முற்பகுதியிலும் பாடிய தட்டுகளை முன்வைத்தே இதைச் சொல்கிறேன்.

இசைமுரசு என்று தமிழுலகம் அழைத்த ஹனிபா 1925 டிசம்பர் 25 இல் பிறந்தார். 2015 ஏப்ரல் 8 இல் சென்னையிற் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தது 2025 இல். நூற்றாண்டு என்றால் நமக்குத் தெரிந்தவை மேடை, மாலை, மலர் ஆகிய மூன்றே. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய தொடக்ககாலத் தட்டுகள் எவை, ஒவ்வொன்றும் எந்த ஆண்டுக்குரியது, பாட்டை இயற்றியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் நம் கடற்கரையோரப் பள்ளிக்கூடங்களில் எத்தனை பேர் விடை சொல்வர்? ஒரு புலவரைப் பற்றி இவ்வளவும் தெரியாதிருந்தால் நாம் வெட்கப்பட்டிருப்போம் அல்லவா?

நாகூர்ப் பாடகர் ஒருவரைப் பற்றிக் கல்முனையில் இருப்பவன் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வேறூர் வாசகர் வினவலாம். எம்மூரார் வினவமாட்டார். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையோடு நாகூர் ஆண்டகையின் பேரால் கொடியேறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் உடல் இக்கரையில் இல்லை. நினைவு மட்டுமே இருக்கிறது. ஆயினும் அக்கரையிற் கொடியேறும் நாட்களிலேயே இக்கரையிலும் ஏறுகிறது. மருதமுனை முதல் பொத்துவில் வரை நீளும் ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் மணலில் வந்து கூடுவர். நடுவே கிடப்பது கடல். அதைப் பிரிவாக எம் முன்னோர் எண்ணியதில்லை. அந்தக் கடலைத் தாண்டி முன்னர் வந்தவை தோணியும் கொடியும். பின்னர் வந்தது ஹனிபாவின் குரல்.

அது வந்த வழிகள் இரண்டு. ஒன்று இலங்கை வானொலி. 1949 இல் அப்பெயர் பெற்று, 1967 இற் கூட்டுத்தாபனமாக மாறிய அந்நிலையத்தின் முஸ்லிம் நிகழ்ச்சியில் நோன்பு மாதத்து மாலைகளிலும் பெருநாட்களிலும் இத்தட்டுகள் சுழன்றன. மற்றொன்று கல்யாண வீடு. கல்முனைக்குடியில் ஒரு வீட்டில் பந்தல் எழுந்தால், மறுநாள் தென்னையின் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய் ஏறும். அடியில் ஒரு மேசை. மேசையிற் சாவி கொடுக்கும் பெட்டி; பக்கத்தில் தகரச் சிமிழில் ஊசிகள். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும் என்பது விதி. பணத்தைப் பார்த்து ஒரே ஊசியாற் பத்துப் பக்கம் ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். அதனாலேதான் இன்று கிடைக்கும் தட்டுகள் பலவற்றில் மழை பெய்வதுபோல் இரைச்சல் கேட்கிறது. அந்த இரைச்சலும் எங்கள் ஊர்க் கல்யாணங்களின் வரலாறே என்று சில வேளை எனக்குத் தோன்றும். இது ஒரு கிழவனின் பிரியமாக இருக்கலாம், விடுங்கள்.

தட்டு என்ற பொருளைச் சற்று உற்று நோக்குவோம். அது அரக்கினாற் செய்தது. மரங்களில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கை, கல்மாவும் கரியும் கூட்டி அழுத்திச் செய்த கறுப்பு வட்டம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமும் சிறிது கூடவுமே அடங்கும். இந்த மூன்று நிமிடம் என்ற எல்லை இசையின் வடிவையே மாற்றிவிட்டது. மௌலூது மண்டபத்தில் ஒரு பாட்டை அரை மணி நேரம் விரித்துப் பாடலாம். விருத்தம் எடுத்து, அடியை மடக்கி, கேட்போர் கண் கலங்கும்வரை ஒரு சொல்லிலேயே நிற்கலாம். தட்டில் அதற்கு இடமில்லை. விருத்தம் ஓரிரு அடியாகச் சுருங்கும். பல்லவி உடனே வந்தாக வேண்டும். சரணம் இரண்டோ மூன்றோ. வெண்பாவுக்கு நாலடி எப்படியோ அப்படி இசைப்பாட்டுக்கு இந்த மூன்று நிமிடம் ஒரு யாப்பாயிற்று. யாப்புக்குள் நின்று யார் கட்டுரமாகச் சொல்கிறார் என்று பார்ப்பது இலக்கிய மாணவரின் வேலை. அந்த வேலையை இத்தட்டுகளின்மேல் நாம் செய்து பார்க்கவில்லை.

இன்னொன்று. பாடுகிறவரையும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து பின்னர்ச் சேர்க்கும் வசதி அக்காலத்தில் இல்லை. எல்லாரும் ஒருங்கே நின்று ஒரே ஓட்டத்திற் பாடி முடிக்க வேண்டும். மூச்சு இடறினால் முழுவதும் மறுபடி. ஆகவே தட்டிற் கேட்பது ஒட்டுப்போட்ட குரல் அன்று. ஒரு நாளில், ஓர் அறையில், ஒரு மனிதர் உண்மையாகப் பாடிய மூன்று நிமிடம். ஹனிபாவின் தொடக்ககாலக் குரல் அந்தச் சோதனைக்குப் பிறந்ததுபோல் இருக்கிறது. எடுப்பே மேல்சுருதி. அங்கிருந்து இறங்காமல் நிற்கும். நெஞ்சிலிருந்து எழும் ஓசை; மூக்கிலே ஒளியாது. வல்லின எழுத்துகள் கல்லில் வெட்டியவைபோல் விழும். ழகரத்தையும் அறபு மொழியின் தொண்டை எழுத்துகளையும் ஒரே மூச்சில் இரண்டுக்கும் பழுதின்றி உச்சரிக்கும் நா எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்யுளை வாய்விட்டுப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் இத்தட்டுகளை வகுப்பில் ஒலிக்கச் செய்தால், அரை நாள் இலக்கண விளக்கம் மிச்சமாகும்.

பாட்டின் மொழியும் நோக்கத்தக்கது. எங்கள் பழைய முனாஜாத்துகளிலும் மாலைகளிலும் அறபுச் சொற்களும் பாரசீகச் சொற்களும் செறிந்திருக்கும். அவற்றுக்கு அதுவே அழகு. ஹனிபா பாடிய பாட்டுகளிலோ இறைவன், நாயகம், அருள், நெறி என்று தமிழே முன்னுக்கு வந்து நிற்கிறது. அவருடைய பாட்டுகளுள் எல்லாச் சமயத்தாரும் அறிந்த ஒன்றின் பெயர் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. அத்தலைப்பில் ஓர் அறபுச் சொல்லும் இல்லை. இதற்குக் காரணம் தேடினால் நாகூர்ப் புலவர்களிடம் ஒரு பாதியும் திராவிட இயக்கத்து மேடைகளில் ஒரு பாதியும் கிடைக்கும் என்பது என் கருத்து. நபிகளாரைப் பாடிய அதே குரல் அறிஞர் அண்ணாவையும் பாடிற்று. அண்ணாவைப் போற்றும் பாட்டைத் தட்டாக்கக் கம்பெனியார் தயங்கியதையும், ஹனிபா விடாது நின்று பதிவாக்கியதையும், அத்தட்டு பெருவாரியாக விற்றதையும் அவரைப் பற்றி எழுதியோர் பலரும் குறித்திருக்கின்றனர். அது 1955 ஆம் ஆண்டுச் செய்தி என்பர். அரசியல் மேடையில் உருக்கொண்ட தமிழ் நடை பக்திப் பாட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை ஆராய விரும்பும் மாணவர்க்கு இத்தட்டுகளே முதற் சான்று. ஆபிதீன், சலீம் முதலிய நாகூர்ப் புலவர்களைப் பற்றிப் பேச வேண்டுமானாலும் இங்கிருந்தே தொடங்க வேண்டும். பாடகரை நாடறியும், பாட்டை ஆக்கியவரைத் தட்டின் நடுவே ஒட்டிய தாள் சொன்னால் உண்டு, இல்லையேல் இல்லை.

திரைப்பாட்டுக்கு இந்தத் துன்பம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1955 இல் வந்த ‘குலேபகாவலி’யில் எஸ். சி. கிருஷ்ணனோடும், 1961 இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் டி. எம். சௌந்தரராஜனோடும் ஹனிபா பாடியிருக்கிறார். இவற்றின் ஆண்டும் இசையமைப்பாளர் பெயரும் பள்ளி மாணவனுக்கும் தெரியும். படம் இருக்கும்வரை அவையும் இருக்கும். தனித்தட்டுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

இனி, கேடு எங்கே என்று பார்ப்போம். தட்டு உடைந்தாலும் பாட்டு இருக்கிறதே, கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் வருகிறதே என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். வருவது எது? எழுபதுகளின் இறுதியிலிருந்து ஒலிநாடாக் காலம் வந்தது. நாடாவுக்கெனப் புதிதாக வாத்தியம் கூட்டி, எதிரொலி ஏற்றிப் பாடிய பக்திப் பாட்டுகளே அதன்பின் கடைத்தெருவை ஆண்டன. ஹனிபாவின் பெயரோடு இன்று நம் காதில் மிகுதியும் விழும் ஓசையும் அந்தக் காலத்ததே. அக்குரலைக் குறை கூறுவது என் நோக்கமன்று. முதுமையின் கனிவு அதற்கு உண்டு. ஆனால் அது வேறு பாடம். முதிர்ந்த வயதில் ஒரு புலவர் தம் கவிதையைத் திருத்தி எழுதினால் இரண்டையும் பதிப்பித்துப் பாடபேதம் காட்டுகிறோம். ஒலிக்கு மட்டும் பிந்தியதை முந்தியதன் தலையில் ஏற்றிவிட்டு, இரண்டும் ஒன்றே என்று சாதிக்கிறோம். கணினியில் ஏற்றுகிறவர் ஆண்டு எழுதுவதில்லை. எந்தத் தட்டிலிருந்து எடுத்தார் என்று சொல்வதில்லை. இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் கூர்மையையும் சேர்த்துச் சீவிவிடுகிறவர்களும் உண்டு.

பிறநாட்டார் என்ன செய்தனர் என்று பார்க்கலாம். அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, ஹனிபாவுக்குப் பத்தாண்டு மூத்தவர். அவருடைய முறை முற்றிலும் வேறு. ஒலிவாங்கியை உதட்டருகே வைத்து, காதலியின் காதில் ஓதுவதுபோல் மெல்லப் பாடுவார். ஹனிபாவோ கடலுக்கு அப்பால் இருப்பவரை அழைப்பவர். ஒப்புமை பாடும் முறையில் இல்லை. தொடக்ககாலத் தட்டுகளை அந்நாட்டார் போற்றிய முறையில் இருக்கிறது. சினாட்ரா 1939 இல் ஹாரி ஜேம்ஸ் என்பவரின் வாத்தியக் குழுவிற் சேர்ந்தபோது ‘ஆல் ஆர் நத்திங் அட் ஆல்’ என்ற பாட்டைப் பதிந்தார். முதலில் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1943 இல், வாத்தியக்காரரின் வேலைநிறுத்தத்தாற் புதிய தட்டுகள் வராதிருந்த வேளையில், அதே பதிவைச் சினாட்ராவின் பெயரை முதன்மைப்படுத்தி மீண்டும் வெளியிட்டனர்; நாடெங்கும் விற்றது. ஒலியில் ஓர் அணுவும் மாறவில்லை, மாறியது தாள்! அதே பாட்டை அவர் 1966 இல் வேறு நடையில் மறுபடியும் பாடினார். ஆனால் 1966 வந்துவிட்டது, 1939 எதற்கு என்று அந்நாட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கொலம்பியா கம்பெனிக்கு அவர் 1943 முதல் 1952 வரை பாடியவை அனைத்தையும் நாள்வாரியாக வரிசைப்படுத்திப் பன்னிரண்டு குறுந்தட்டுகளாக 1993 இல் வெளியிட்டனர். காதற்பாட்டுக்கே இவ்வளவு சிரத்தை.

இந்தியத் தட்டுகளுக்கும் உழைத்தவர் இல்லாமல் இல்லை. 1902 இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது உட்பட, கிராமபோன் கம்பெனியின் முதற் பதிவுகளை எண்வாரியாகத் தொகுத்து மைக்கேல் கின்னியர் என்ற அறிஞர் 1994 இல் நூலாக்கினார். 1908 ஓடு அந்நூல் நின்றுவிடுகிறது. நம் காலத்துக்குரியதை நாமே செய்ய வேண்டும்.

ஒலியை இழந்த பின் என்ன பாடு படவேண்டும் என்பதற்குச் சான்று தேடி நான் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் காரைதீவு. அங்கே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள், பழந்தமிழர் யாழ் எப்படி ஒலித்தது என்று அறியப் பல்லாண்டு உழைத்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையும் உரைகளும் கையில் இருந்தன. நரம்பின் பெயரும் தொகையும் இருந்தன. இல்லாதது ஒன்றே: ஒலி. அதனால் அலகு அலகாகக் கணக்கிட்டு, கணிதமும் பௌதிகமும் துணையாக யாழின் வடிவை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. ‘யாழ் நூல்’ 1947 இல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். எழுத்து முழுதும் இருந்தும் ஓசை போய்விட்டால் ஒரு பேரறிஞரின் வாழ்நாள் அதற்கு விலையாகிறது. ஓசையே கையில் இருக்க அதை நிறுத்து விற்கிறவர்களாகிய நாம் அடிகளின் ஊருக்கு அயலூரார்.

எம்மவருள் ஒரு சாராரின் மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். இசை மார்க்கத்துக்கு ஆகாது, வலிமாரைப் பாடுவது அதனினும் ஆகாது என்று கருதுவோர் இன்று நம் ஊர்களிற் பலர். அவர்களிற் கற்றவரும் என் மதிப்புக்குரியவரும் உண்டு. கொடியேற்றத்தையே ஒப்பாதவர் கொடிப்பாட்டை எப்படி ஒப்புவர்? அவர் கேட்க வேண்டா; தம் வீட்டில் ஒலிக்கச் செய்யவும் வேண்டா. ஆனால் தமக்கு வேண்டாத தட்டை உடைப்பது வேறு, ஒரு நூலகத்துக்குக் கொடுப்பது வேறு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் காப்பிய மரபு என்று போற்றிப் பாடமாக வைத்திருக்கிறோம். அதில் வரும் வருணனைகள் யாவும் தம் கொள்கைக்கு ஒத்தவை என்று எந்த மௌலவியும் சொல்லமாட்டார். குணங்குடி மஸ்தான் பாடல்களுக்கும் அவ்வாறே. ஒரு சமுதாயம் ஒரு காலத்தில் எப்படி அழுதது, எதை வேண்டிக் கையேந்தியது என்பதற்குச் சாட்சி வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி. சாட்சியை அழித்தவருக்கு வழக்கை நடத்தும் உரிமையும் போய்விடும்.

இலக்கியத் தூய்மை பேசுகிறவரின் மறுப்பு இதைவிட எளிது. ‘இது பாமரர் பாட்டு’ என்பர். நாட்டார் கவியையும் தாலாட்டையும் ஐம்பது ஆண்டுக்கு முன் இப்படித்தான் சொன்னார்கள். இன்று அவற்றுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தருகிறார்கள். மேலே விளக்கம் வேண்டியதில்லை.

கடலும் எமக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீதிகள் இருந்த இடம் தெரியாமற் போயின. கடற்கரைப் பள்ளிவாசலும் சேதமுற்றுப் பின்னர்த் திருத்தப்பட்டது. மனிதரைத் தேடிய நாளில் தட்டையும் புத்தகத்தையும் தேடியவர் யார்? தேடியிருக்கவும் கூடாது. ஆனால் அன்று போகாமல் எஞ்சியவை உள்ளூர்ப் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அவை கிடப்பது அலுமாரியின் அடித்தட்டில், ஈரமும் பூஞ்சணமும் ஏற. அவற்றுக்கு இன்னோர் அலை தேவையில்லை. இன்னும் சில மாரிகாலங்களே போதும்.

செய்யத்தக்கது பெரிய காரியம் அன்று. மாணவர் மன்றம் ஒவ்வொன்றும் தன் ஊரில் வீடு வீடாகச் சென்று கேட்கட்டும். தட்டை வாங்க வேண்டா; குறிப்பு எடுத்தாற் போதும். நடுத்தாளிற் கண்டவற்றை எல்லாம் அப்படியே எழுதுக: கம்பெனி, தட்டின் எண், பாடகர், இயற்றியவர், பக்கவாத்தியம். பின்னர்த் தட்டைச் சாய்த்து வெளிச்சத்திற் பிடித்தால், தாளை அடுத்த கறுப்பு வெளியில் பொறித்த எழுத்தும் எண்ணும் தென்படும். அது பதிவின் எண். எது முந்தியது, எது பிந்தியது என்று அடுக்கவும், ஒரே பாட்டின் இரு பதிவுகளைப் பிரித்தறியவும் அந்த எண்ணைப்போல் உதவுவது வேறில்லை. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஈழத்துத் தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றிவரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் பேணுகிறது. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கிராமபோன் தட்டுகளும் காக்கப்படுகின்றன. இம்மூன்றுக்கும் பட்டியல் அனுப்பினால் யாரிடம் எது இல்லை என்று ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். கொழும்பு வானொலி நிலையத்தின் இசைத்தட்டுக் களஞ்சியத்தையும் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்போம். கேட்கும் உரிமை நேயர்களாகிய நமக்கு உண்டு.

பிரதி எடுப்பவர்க்கு இரண்டு வார்த்தை. பிற்கால நெடுந்தட்டுக்குரிய நுண்ணூசியை இதில் வைக்கலாகாது. பழைய தட்டின் பள்ளம் அதனினும் ஏறத்தாழ மும்மடங்கு அகன்றது. முதற்பிரதியில் இரைச்சலைத் தொடாமல், உள்ளது உள்ளபடி எடுத்து வைக்க வேண்டும். துப்புரவு செய்வது இரண்டாம் பிரதியிலாகட்டும். தட்டைக் கழுவ நேர்ந்தால், நடுத்தாள் நனையாதபடி இளஞ்சோப்பு நீரில் மெல்லத் துடைக்கலாம். மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டைத் தப்பித் தவறியும் தொடவேண்டா. அது அழுக்கோடு அரக்கையும் கரைத்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிறுத்தி வைக்குக. உடைந்த தட்டாயினும் நடுத்தாளுள்ள துண்டு கிடைத்தால் அதையும் குறித்துக்கொள்க. பாட்டைக் கேட்க முடியாவிட்டாலும் அந்தப் பாட்டு இருந்தது என்பதற்கு அந்தத் துண்டே பற்றுச்சீட்டு.